சிப்பி இல்லாத பாறை

என் கணவர் முதன்முதலாக வெறும் பையோடு கரைக்கு வந்த காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சேலைக்கு ஊசி குத்தியபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் குந்தியிருந்து வலைப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார். சிப்பி கொண்டுவந்த பை என்றால் பாசியும் சேறும் ஒட்டியிருக்கும், கழுவித்தான் ஆக வேண்டும். அன்றைக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் வெகுநேரம் அலசினார், பிழிந்தார், மறுபடியும் அலசினார்.  கடலிலிருந்து வந்த ஆளிடம் ஈரம் காயும் முன்னே கேள்வி கேட்பது எங்கள் கரையில் வழக்கமில்லை. சோறு மூடி வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

கடியப்பட்டணத்தை ஒட்டிய கரை எங்களுடையது. எங்கள் தெருவில் பெரும்பாலானவர்கள் வலை போடுகிறவர்கள். என் கணவரும் இன்னும் சில குடும்பங்களும் மட்டும் கடலுக்கடியில் கிடக்கும் பாறைகளில் முங்கிச் சிப்பி எடுப்பவர்கள். சிலிண்டரோ குழாயோ கிடையாது. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, கையில் துணியுறை, சிப்பியைப் பெயர்க்க ஓர் இரும்பு உளி, இடுப்பில் வலைப்பை. மற்றதெல்லாம் மூச்சுதான். என் அண்ணன் சிறிய ஃபைபர் வள்ளத்தில் இருந்து அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொள்வான். அவர்கள் இருவரும் மைத்துனர்கள் ஆவதற்கு முன்பே சேர்ந்து கடலுக்குப் போனவர்கள். அப்படித்தான் எனக்கு இந்தக் கல்யாணம் அமைந்தது.

நான் உள்ளூரிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். சிப்பிக் காலத்தில் காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் சிப்பி அவிப்பது. வாய் திறந்ததும் சதையை எடுத்து, நாரைப் பிய்த்து, குருமிளகும் உள்ளியும் இட்டுத் தேங்காயெண்ணெயில் வறுப்பேன். அவித்த மரச்சீனிக் கிழங்கோடு சாப்பிட்டால் வேறு கறி வேண்டாம். மற்ற டீச்சர்கள் என் டிபன் பாத்திரத்தைத்தான் முதலில் திறப்பார்கள். சிப்பி தீர்ந்துபோகிற பொருள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. பாறை இருக்கிற வரைக்கும் சிப்பி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடல் மாறுகிறது என்று அவர் முன்பே சொல்லியிருக்கிறார். நான்தான் காதில் வாங்கவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் கடலில் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலேறி வரும். முங்குகிறவர்களுக்குப் பல் கிட்டிப்போகும். அந்தக் குளிர் வந்த பிறகுதான் பாறையில் சிப்பிக்குஞ்சு ஒட்டும். ஒரு வருஷம் குளிர் பிந்தி வந்தது என்றார். அடுத்த வருஷம் வந்த மாதிரியே இல்லை, வந்ததும் போய்விட்டது என்றார். மழை பிந்துவது போல இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். வெயிலைப் பற்றி எல்லாரும் குறைப்படுகிற காலத்தில் கடலைப் பற்றி ஒரு குறை கூடுதலாகக் கேட்டது, அவ்வளவுதான்.

பிறகு ஒரு பங்குனியில் சிப்பிகள் பாறையிலேயே வாய் பிளந்து செத்தன. அதுவரை எடுத்துவந்த சிப்பியில் சதை மெலிந்திருந்தது எனக்கும் தெரியும். அவித்தால் ஓட்டுக்குள் ஒரு சுருங்கிய துண்டு கிடக்கும். களியக்காவிளையிலிருந்து டெம்போ அனுப்பி எங்கள் சிப்பியைக் கேரளத்துக்கு வாங்கிப்போகும் வியாபாரி, இது என்ன, பட்டினி கிடந்த சிப்பியா என்று போனில் கேட்டார். கொஞ்ச நாளில் அந்த மெலிந்ததும் இல்லாமல் போயிற்று. அதுதான் வெறும் பையைக் கழுவிய காலை.

வலைக்காரர்களுக்கும் சுகமில்லை. சாளை மீன் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. வந்தபோது வடக்கே எங்கேயோ, ஆழத்தில் எங்கேயோ என்று செய்தி வந்தது. இங்கே வலையை இழுத்தால் சொறி என்கிற ஜெல்லிமீன்தான் நிறைந்து வந்தது. கண்ணாடிக் களி மாதிரி இருக்கும் அந்தச் சொறியை வலையிலிருந்து தட்டிவிடுவதற்குள் ஆண்களின் கையும் கழுத்தும் தடித்துச் சிவந்துவிடும். அவை கரையில் குவிந்து வெயிலில் உருகிக் கிடந்தன. என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அதை மிதித்துவிட்டுக் காலைச் சொறிந்துகொண்டே வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குத் தடவிவிட நான் வினாகிரி போத்தல் ஒன்றை மேசைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி வந்தாள். சின்ன வயது. கயிற்றில் கட்டிய கருவியை வள்ளத்திலிருந்து இறக்கி, பாறையருகே தண்ணீரின் சூட்டை அளந்தாள். என் கணவர் அவளுக்காக இறந்த சிப்பிகளை எடுத்துக்கொடுத்தார். எங்கள் வீட்டில் வந்து தேயிலை குடித்தாள். கடல் இப்போது வாரக்கணக்கில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, உலகம் முழுக்க இதே கதைதான் என்றாள். மீன் என்றால் சூட்டுக்குத் தப்பி ஆழத்துக்கோ வேறு கடலுக்கோ போய்விடும், பாறையில் ஒட்டின சிப்பி எங்கே போகும் என்று சொன்னாள். என் கணவர் அவள் சொன்னதையெல்லாம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இது எப்ப சரியாவும் மக்கா?"

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியல அண்ணே" என்றாள்.

அவள் போன பிறகு, நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை என்றார். அவ்வளவுதான் அதைப் பற்றி எங்களுக்குள் நடந்த பேச்சு.

தெரிந்துகொண்டதால் அவர் நின்றுவிடவில்லை. பக்கத்துப் பாறை செத்துவிட்டது என்றால் தூரத்துப் பாறை. மேல்பக்கம் செத்துவிட்டது என்றால் அடிப்பக்கம். கீழே போகப் போகத் தண்ணீர் குளிராக இருக்கும், அங்கே சிப்பி பிழைத்திருக்கும் என்பது அவர் கணக்கு. ஒருநாள் காலையில் தலையணையில் ரத்தம் இருந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நான் கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். காதுச் சவ்வு கிழிந்திருக்கிறது, ஆறுகிற வரைக்கும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார் டாக்டர். என் கணவர் சரி என்றார். அடுத்த திங்கட்கிழமை மறுபடி போனார்.

ஒருநாள் சாயங்காலம் அண்ணன் தனியாக வந்தான். அவர் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்திருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவன் மேல வர நேரமாவுது ஏட்டி" என்றான். "கயத்தப் புடிச்சிட்டு நான் மாதாவக் கூப்பிட்டுட்டு இருக்கேன். நான் சொன்னா அவன் கேக்க மாட்டான். நீ ஒரு வார்த்த சொல்லு."

என் அண்ணன் பயந்து நான் பார்த்ததில்லை. புயல் நாளில் கடலில் இருந்துவிட்டு வந்து சிரித்துக்கொண்டே சோறு கேட்டவன் அவன். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் நான் அவரிடம் பேசினேன். போக வேண்டாம் என்றேன். என் சம்பளம் இருக்கிறது, மகளும் நர்ஸிங் முடித்து வேலைக்குப் போகிறாள், அடுப்பு எரியும் என்றேன். அவர் குனிந்து தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்படி அங்கே என்னதான் இருக்கிறது, எனக்கும் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்ன வார்த்தையில்லை. சலிப்பில் வந்தது. ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ வள்ளத்துல வாரியா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

எங்கள் கரையில் பெண்கள் வள்ளத்தில் ஏறுவது திருவிழாவில் மாதா சொரூபத்தைக் கடலில் சுற்றிக் கொண்டுவரும்போது மட்டும்தான். பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் முங்கும் பாறையை நான் பார்த்ததே இல்லை. ஒரு சனிக்கிழமை விடிகாலை, சுடிதார் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டி, பலகையை இறுக்கிப் பிடித்தபடி நானும் போனேன். கரையில் நின்ற சிலர் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அந்த வருஷம் சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை.

பாறை என்றால் கண்ணுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஓரிடத்தில் அலை கொஞ்சம் வெள்ளையாக உடைந்தது, அதுதான் பாறை என்றான் அண்ணன். என் கணவர் கண்ணாடிக்குள் துப்பித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சிலுவை போட்டார். சத்தமில்லாமல் இறங்கிப் போனார். கயிறு மட்டும் நழுவி நழுவிப் போயிற்று. எனக்குத் தெரியாமலே நானும் மூச்சைப் பிடித்திருந்தேன். என் மூச்சு முடிந்து, இன்னொரு மூச்சு எடுத்து, அதுவும் முடிந்தது. அவர் வரவில்லை. அண்ணன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் இதைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அப்போது புரிந்தது.

தலை மேலே வந்ததும் அவருக்கு இரைத்தது. பேச முடியாமல், பையிலிருந்து ஒரு கை அள்ளி என் மடியில் போட்டார். எல்லாம் ஓடுகள். இரண்டு பக்கமும் திறந்து, உள்ளே சேறு நிறைந்து கிடந்தன. மறுபடி போனார். மறுபடியும் ஓடுகள். மூன்றாவது தடவையோ நாலாவதோ, உயிருள்ள சிப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். என் பெருவிரல் அளவு இருந்தது. ஓரத்தில் பச்சை. வெயிலில் கொஞ்ச நேரம் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அதைக் கொண்டே கீழே போனார். பாறையில் ஒட்ட வைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு வெடிப்பில் செருகி வைத்துவிட்டு வந்ததாகப் பிறகு சொன்னார்.

நான் குனிந்து தண்ணீரில் கையை விட்டேன். விடிந்து வெகுநேரம் ஆகியிருக்கவில்லை. குளிக்க எடுத்து வைத்து மறந்துபோன வெந்நீர் மாதிரி இருந்தது கடல்.

அவர் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். "பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். இனி முங்க வேண்டாம்" என்றேன்.

அவர் ஏறி உட்கார்ந்தார். அண்ணன் எஞ்சினைக் கிளப்பினான்.  எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. உடம்பு முழுக்க ஓர் அசதி. வீட்டுக்கு வந்து, உப்போடு அப்படியே தரையில் படுத்து, மத்தியானம் வரைக்கும் தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தபோது அவர் உளியை எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அவர் போகவில்லை.

ஆனால் சும்மா இருக்கத் தெரியாத மனிதர் அவர். என்னோடு வேலை செய்யும் டீச்சர் ஒருத்திக்குத் திருவட்டாறு பக்கம் வீடு. அவர்கள் கிணற்றில் மோட்டார் கழன்று விழுந்துவிட்டது, இறங்க ஆளில்லை என்று ஸ்டாஃப் ரூமில் சொன்னாள். என் வீட்டுக்காரர் முங்குவார் என்று நான்தான் சொன்னேன். அதற்குள் காது ஆறியிருந்தது. டாக்டரும் ஆழம் போகாமல் இறங்கலாம் என்றிருந்தார். பஸ் ஏறிப் போனார். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருந்த கிணற்றில் இறங்கி மோட்டாரைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார். அவர்கள் ஒரு வாழைக்குலையும் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும், நல்ல தண்ணீரில் உடம்பு மிதக்க மாட்டேன் என்கிறது, உப்புத் தண்ணீர் தாங்குகிற மாதிரி அது தாங்காது என்று சொன்னார். அதோடு ஒரே இருட்டு, பார்க்க ஒன்றுமில்லை என்றார். அதற்குப் பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் கூப்பிட ஆரம்பித்தார்கள். கிணறு தூர்வாருவது, குளத்தில் பாசி எடுப்பது, விழுந்த மோட்டாரை எடுப்பது. கடலில் முங்கியவர் கடலைவிட்டு உள்நாட்டில் ஊர் ஊராகக் கிணற்றில் இறங்கினார்.

அப்படித்தான் ஒரு மத்தியானம் போலீஸ்காரர் ஒருவர் போன் செய்தார். அணைக்கட்டில் குளிக்க வந்த வாலிபன் ஒருவன் மூழ்கிவிட்டான், தேட ஆள் வேண்டும் என்று. என் கணவர் போனார். தேடி உடலை எடுத்தும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து குளித்தார், வெகுநேரம் குளித்தார், பிறகு சோறு வேண்டாம் என்றார். அதற்குப் பிறகும் அப்படிச் சில அழைப்புகள் வந்தன. மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கரையில் பெற்றவர்கள் நின்றுகொண்டிருக்கும்போது எப்படி மாட்டேன் என்பது என்று கேட்டார். கடைசியாக எடுத்தது என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் வயதுள்ள ஒரு பெண்பிள்ளையை. அன்று வந்து அடுக்களை வாசல்படியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவருடைய உள்ளங்கை ரேகையெல்லாம் நீரில் ஊறி வெளுத்திருந்தது.

"சிப்பி எடுக்கப் படிச்ச மூச்சு இது" என்றார். "ஆளெடுக்கப் படிச்சதில்ல."

அடுத்த தடவை போன் வந்தபோது நான் எடுத்தேன். அவருக்குக் காது சரியில்லை, இனி இந்த வேலைக்குக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன். காதைப் பற்றிச் சொன்னது முழுப் பொய்யுமில்லை. வலது காது பாதிதான் கேட்கும். மோட்டார் எடுக்கவும் தூர்வாரவும் இப்போதும் போகிறார்.

மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் உள்நாட்டுக்காரர்கள், கடை வைத்திருக்கிறவர்கள். கடற்கரை வீட்டு விருந்து என்றால் சிப்பி இருக்குமே என்று பேச்சோடு பேச்சாக மாப்பிள்ளையின் அப்பா சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு களியக்காவிளை வியாபாரிக்குப் போன் செய்தார். முன்பு எங்களிடம் வாங்கியவர் இப்போது வடகேரளத்துக் காயலில் கயிறு கட்டி வளர்க்கிற சிப்பியை இறக்கி விற்கிறார். அங்கேயும் சூட்டில் பாதி செத்துப்போகிறது, கிடைத்தால் தருகிறேன் என்றாராம். கடைசியில் கிடைத்தது. என் கணவரே போய் மூட்டையைத் தூக்கிவந்து அவித்தார், நாரைப் பிய்த்தார். நான் வறுத்தேன்.

பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா ரசித்துச் சாப்பிட்டார். என்ன இருந்தாலும் உங்கள் கடல் சிப்பி மாதிரி வராது என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார். சம்பந்தி சந்தோஷமாக இருக்கிற நேரத்தில் அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க எங்கள் யாருக்கும் தெம்பில்லை. எல்லாரும் போன பிறகு அவரும் இரண்டு எடுத்து வாயில் போட்டார். மோசமில்லை என்றார்.

போன ஆடியில் குளிர் வந்து கொஞ்ச நாள் நின்றது. அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு, பாறையில் குஞ்சு ஒட்டியிருக்கிறது என்றான். என் கணவரும் போனார். பாறை முழுக்கப் பச்சையாக இருக்கிறது என்று வந்து சொன்னபோது அவர் குரலில் பழைய சத்தம் இருந்தது. முங்குகிற மற்ற வீடுகளுக்கெல்லாம் போய், வளருகிற வரைக்கும் யாரும் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சிலர் சரி என்றார்கள். சிலர், சூடு வந்தால் எப்படியும் செத்துப்போகும், அதற்கு முன்னால் எடுப்பதில் என்ன தப்பு என்றார்கள்.  பாதியைக் குஞ்சிலேயே எடுத்துவிட்டார்கள். மிச்சத்தில் பெரும்பகுதி பங்குனிச் சூட்டில் போயிற்று. கொஞ்சம் பிழைத்திருக்கிறது என்கிறார். 

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து உட்கார்ந்தோம். கோயில் ஒலிபெருக்கியில் கள்ளக்கடல் எச்சரிக்கை சொன்னார்கள். காற்றும் மழையும் இல்லாமல், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கடல் உயர்ந்து தெருவுக்குள் வந்துவிடும். முன்பு எப்போதாவது வந்தது, இப்போது அடிக்கடி வருகிறது. எங்கள் வீடு கொஞ்சம் மேட்டில். அண்ணன் வீடு கரையை ஒட்டி. என் கணவர் எழுந்து செங்கலை எடுத்துவந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நாங்கள் இரண்டு பேருமாக எங்கள் ஃபிரிட்ஜைச் சாய்த்துக் கல்லின் மேல் ஏற்றினோம். அரிசிச் சாக்கைக் கட்டிலின் மேல் வைத்தோம். மத்தியானத்துக்குள் அண்ணனும் மதினியும் கேஸ் அடுப்பு, துணி மூட்டை, மெத்தையோடு வந்துவிட்டார்கள். என்ன கொண்டுவர வேண்டும், என்ன விட்டுவிட வேண்டும் என்று மதினிக்கு இப்போது பழகிவிட்டது. மெத்தையை எங்கே போட என்று மட்டும் கேட்டாள். முன்னறையில் போடச் சொல்லிவிட்டு, நான் உலையில் இன்னும் கொஞ்சம் அரிசி கழுவிப் போட்டேன்.